இசையிதழ் வடிவமைப்பில் மாணவர் திறன் வளர்ச்சி: பேராக் தோட்டப்புற இசையை முன்வைத்து

முன்னுரை

மாணவர் ஒருவர் இதழொன்றை வடிவமைப்பதன்வழி எதனைக் கற்கிறார் என்று வினவினால், கணினி மென்பொருளைக் கையாளக் கற்கிறார் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். ஆசிரியரும் அவ்வாறு கூறுவர். மாணவரும் தம் பயிற்சிக் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதுவர். இவ்விடை தவறானதன்று. எனினும், மென்பொருள் மாறும் இயல்புடையது. இன்று கற்ற கட்டளை சில ஆண்டுகளில் வேறிடத்திற்குப் பெயர்ந்துவிடும். சில வேளைகளில் அம்மென்பொருளே வழக்கொழிந்துவிடும். ஆகவே, பயிற்சி முடிந்து, கருவியும் மாறிய பின்னர் மாணவரிடம் எஞ்சி நிற்பது யாது என்பதே கல்வி நோக்கில் கேட்கத்தக்க வினாவாகும்.

அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. இசையிதழ் வடிவமைப்பு என்னும் பயிற்சியின் அமைப்பை முதலில் விளக்கி, பின்னர் அதனை ஈப்போ நகரையும் அதனைச் சூழ்ந்த முன்னாள் இரப்பர்த் தோட்டங்களையும் சார்ந்த தமிழ் மாணவர்க்குப் பொருத்திக் காண்கிறோம். எதனை முன்வைப்பது, எதனை விடுவது, எதனை எப்பெயரால் அழைப்பது என வாசகரை மனத்திற்கொண்டு முடிவெடுக்கும் ஆற்றலே இப்பயிற்சி தரும் நிலைத்த பயன் என்பது நம் கருத்தாகும்.

பயிற்சியின் அமைப்பு

இதழ் வடிவமைப்பைப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் வகுத்த ஊடகவியல் பாடத்திட்டமாகும். 2008 இல் கற்பிக்கத் தொடங்கப்பட்ட அப்பாடத்திட்டம், 2017 இல் புதிய பாடத்திட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. அச்சு ஊடகத்தைத் தெரிவுசெய்த மாணவர் அதில் இரு நிலைகளைக் கடக்க வேண்டும். முதல் நிலையில் தம் பள்ளிக்கென ஓர் இதழின் முன்னட்டையையும் பொருளடக்கப் பக்கத்தையும் அமைக்க வேண்டும். இது முன்பயிற்சியாகும். இரண்டாம் நிலையில் புதியதோர் இசையிதழின் முன்னட்டை, பொருளடக்கப் பக்கம், எதிரெதிரே அமையும் இரு பக்கங்களில் விரியும் ஒரு கட்டுரை ஆகியவற்றை உருவாக்க வேண்டும். படங்களும் எழுத்தும் மாணவரின் சொந்தப் படைப்பாகவே இருத்தல் வேண்டும் என்பதும், குறைந்தது நான்கு படங்களேனும் இடம்பெற வேண்டும் என்பதும் விதிகளாகும்.

படைப்பை முடித்த பின்னர் மாணவர் ஏழு வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இதழ் மரபுகளை எவ்வாறு பின்பற்றினீர் அல்லது மாற்றினீர், எச்சமூகக் குழுவினரை எவ்வாறு காட்டினீர், இதனை எத்தகைய நிறுவனம் வெளியிடும், வாசகர் யாவர், அவர்களை எவ்வாறு ஈர்த்தீர், தொழில்நுட்பத்தைப் பற்றி என்ன கற்றீர் என்பன முதல் ஆறு வினாக்களின் சாரமாகும். ஏழாம் வினா, முன்பயிற்சியிலிருந்து இறுதிப் படைப்புவரை மாணவர் அடைந்த வளர்ச்சியை அவரே மதிப்பிடுமாறு கேட்கிறது. தொழில்நுட்பத்திற்கென ஆறாம் வினா தனியே இருத்தலின், ஏழாம் வினா நாடும் வளர்ச்சி கருவிப் பயிற்சியின் வேறானது என்பது பெறப்படும்.

பயிற்சிக்கு இசையிதழ் ஏன் தெரிவுசெய்யப்பட்டது? பள்ளி இதழின் வாசகர் யாவர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஒரே வளாகத்தில் பயிலும் மாணவர்களே அவர்கள். இசையிதழுக்கு அத்தகைய ஆயத்த வாசகர் இல்லை. சுவையின் அடிப்படையில் வாசகரைத் திரட்டியாக வேண்டும். உலக இசையிதழ்களின் வரலாறு இதனைக் காட்டுகிறது. பிரிட்டனில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' 1952 இல் அந்நாட்டின் முதல் தனிப்பாடல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டு, இசைத்தட்டு வாங்கும் இளைஞரைத் தன் வாசகராக்கிற்று. 1967 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இசையோடு அரசியலையும் இணைத்து வேறொரு தலைமுறையைத் திரட்டிற்று. 1981 இல் தோன்றிய 'கெராங்' வன்ராக் இசையை விரும்புவோரையே நாடிற்று. சென்னையில் என். பட்டாபிராமன் 1983 இல் தொடங்கிய 'ஸ்ருதி' கருநாடக இசையையும் பரதநாட்டியத்தையும் கூர்ந்து நோக்குவோருக்கென ஆங்கிலத்தில் அமைந்தது. இவற்றின் அட்டைகளை அருகருகே வைத்து நோக்கினால், எழுத்துருவும் வண்ணமும் படமும் ஒவ்வொரு வாசகக் குழுவுக்கேற்ப வேறுபடுவதைக் காணலாம்.

தமிழ் வாசகருக்கும் இசை பற்றிய எழுத்து புதிதன்று. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917 இல் வெளிவந்தது. 1930களில் 'ஆனந்த விகடன்' இதழில் கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் எழுதிய இசை விமரிசனங்கள் கச்சேரிக்குச் செல்லாதவரையும் வாசிக்கச் செய்தன. ஆயினும், இவ்வெழுத்துகளின் களம் பெரும்பாலும் கச்சேரி மேடையே ஆகும். பேராக் மாநிலத் தோட்டங்களில் முழங்கிய இசை இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

பேராக் மண்ணும் அதன் இசையும்

இரப்பர் மரத்திற்கும் பேராக்கிற்கும் உள்ள தொடர்பு தொன்மையானது. 1877 இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் காக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் பெருமளவில் வந்தனர். பால்மரம் வெட்டும் வேலை விடியற்காலைக் குளிர்ச்சியில், பால் நன்கு வடியும் வேளையில் நடைபெறுவது. ஆகவே அவர்தம் பொழுது விடியுமுன்னரே பெரட்டுக் களத்தில் தொடங்கிற்று. ஆட்டமும் பாட்டும் மாலைக்கும் திருவிழாவுக்கும் உரியனவாயின. மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் தப்பும் முழங்கின. பிறப்பில் தாலாட்டும் இறப்பில் ஒப்பாரியும் பாடப்பட்டன.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்கால இலக்கண நூலாரும் உரையாசிரியர்களும் விரித்துரைப்பர். நிலத்தை அறிய அதன் இசைக்கருவியையும் அறிதல் வேண்டும் என்னும் இக்கொள்கை நம் மரபில் வேரூன்றியதாகும். இதனை இரப்பர்க் காட்டுக்கும் பொருத்தினால், அந்நிலத்தின் பறை யாது என்னும் வினா எழும். உறுமியும் தப்பும் என்பது நாம் அளிக்கத்தக்க விடையாகும்.

அந்நிலம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது, தொழிலாளர் தம் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குதற்கேயாகும். பின்னர் இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். உறுமி அவர்களோடு நகருக்கு வந்தது; ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசத்தில் அதன் ஒலியை இன்றும் கேட்கலாம். ஆனால், ஒரு தோட்டத்தில் யார் தப்பு அடித்தார், யாரிடம் கற்றார், எவ்வடி எச்சடங்குக்கு உரியது என்பன போன்ற செய்திகள் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளன. அவர்கள் மறையும்போது அவையும் மறையும். இசையிதழ்ப் பயிற்சி இங்கு வெறும் வகுப்பறைப் பயிற்சியாக நில்லாமைக்கு இதுவே காரணமாகும்.

முதல் நிலையின் குறைகள்

விளக்கத்தின் பொருட்டு மாணவி ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். அவர் ஈப்போவில் ஆறாம் படிவம் பயில்கிறார். அவருடைய பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். இம்மாணவி முதற்கண் தம் பள்ளி இதழின் முன்னட்டையை அமைக்கிறார் என்க.

தொடக்கநிலை மாணவர் பலரிடம் காணப்படும் குறைகள் இவ்வட்டையிலும் காணப்படும். தோழி ஒருத்தி பள்ளிச் சுவரின்முன் நிற்கிறாள். நண்பகல் வெயிலில் எடுத்த படமாதலின் கண்களின் கீழ் நிழல் விழுந்திருக்கும். இதழின் பெயருக்கு ஓர் எழுத்துரு, தலைப்புக்கு ஒன்று, துணைத்தலைப்புக்கு மற்றொன்று என ஐந்தாறு எழுத்துருக்கள் இடம்பெறும். விளையாட்டு விழா, தேர்வு வழிகாட்டி, தலைமையாசிரியர் நேர்காணல் ஆகிய மூன்றும் ஒரே அளவிலான எழுத்தில் அமைந்திருக்கும். வெற்றிடம் எங்கேனும் எஞ்சியிருந்தால் இணையத்திலிருந்து எடுத்த பூவொன்று அங்கு இடம்பெறும்.

இக்குறைகளை மென்பொருள் அறியாமையால் நேர்ந்தவை எனக் கருதுதல் பொருந்தாது. ஐந்து எழுத்துருக்களை இட அறிந்தவர் இரண்டையும் இட அறிவார். எதற்கு முதன்மை தருவது என்னும் முடிவை அம்மாணவி எடுக்கவில்லை. குறையின் வேர் இதுவே. எல்லாம் முதன்மையானவை எனக் கொண்டமையால் எதுவும் முதன்மை பெறவில்லை. நன்னூல் நூற்குரிய பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலை ஒன்றாக வைத்தது எழுத்துக்கு மட்டுமன்றிப் பக்க அமைப்புக்கும் பொருந்துவதாகும்.

வாசகரை அறிதல்

இரண்டாம் நிலையில் அதே மாணவி தோட்டப்புற இசையை மையமாகக் கொண்டு 'உறுமி' என்னும் பெயரில் இதழ் ஒன்றைத் திட்டமிடுகிறார் எனக் கொள்வோம். முதலில் எழும் வினா, இதனை வாசிப்பவர் யார் என்பதாகும். தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்க்கு உறுமியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு எழுத்து பெரிதாக இருத்தல் வேண்டும். நகரில் பிறந்த பதினேழு வயது இளைஞர், 2006 இல் வெளிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பின் வழியே மலேசியத் தமிழ்ச் சொல்லிசையை அறிந்திருக்கக்கூடும். பெரட்டு என்னும் சொல்லை அறியாதிருக்கக்கூடும்.

இருவருக்கும் பொதுவான இதழை அமைக்க முயலும் மாணவர் விரைவில் இடர்ப்படுவர். அப்போது ஒரு தெரிவு தேவைப்படும். இளைஞரை முதன்மை வாசகராகக் கொண்டால், இன்று அவர் கேட்கும் இசையிலிருந்து தொடங்கித் தாத்தாவின் தப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அட்டையில் இளங்கலைஞர் படம் அமையும். முதியவரை வாசகராகக் கொண்டால் பக்கத்தின் எண்ணிக்கை, எழுத்தின் அளவு, சொல்லின் தேர்வு ஆகிய யாவும் மாறும். வாசகரைப் பற்றிய ஒரு முடிவு பிற முடிவுகள் அனைத்தையும் வழிநடத்துவதை இந்நிலையில் மாணவர் உணர்கிறார். முதல் நிலையில் அவர் கொண்டிராத அறிவு இதுவாகும்.

தமிழ் எழுத்தும் பக்க அமைப்பும்

ஆங்கில இதழ்களை முன்மாதிரியாகக் கொள்ளும் தமிழ் மாணவர் விரைவில் ஒரு தடையை எதிர்கொள்வர். ஆங்கில இதழ்கள் தலைப்பை அழுத்திக் காட்டப் பெரிய எழுத்தைப் பயன்படுத்துகின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே தடிப்பு, அளவு, வண்ணம், சூழ உள்ள வெற்றிடம் ஆகியவற்றால் மட்டுமே தலைப்பை வேறுபடுத்த இயலும். மேலும், தமிழ் எழுத்துகள் அகன்றவை. சொற்கள் ஒட்டுகளேற்று நீள்பவை. பக்கத்தைக் குறுகிய நான்கு பத்திகளாகப் பிரித்து இருபுறமும் ஒழுங்குபடுத்தினால் ஒரு வரியில் இரண்டு சொற்களே அமையும்; அவற்றிடையே பெரும் இடைவெளி தோன்றும். பத்திகளை இரண்டாகக் குறைத்தலோ வலப்புற ஓரத்தை ஒழுங்குபடுத்தாது விடுதலோ தக்கதாகும். இகர ஈகாரக் குறிகள் மேலேயும் உகர ஊகாரக் குறிகள் கீழேயும் நீளுதலின், வரியிடைவெளியையும் சற்று மிகுதியாக்குதல் வேண்டும்.

கணினித் தமிழில் மலேசியர் ஆற்றிய பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய முரசு மென்பொருள் அதற்குச் சான்றாகும். எனினும், வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழை உள்ளிடும்போது இன்றும் கவனம் தேவை. இன்டிசைன் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய பத்தியமைப்பு முறையைத் தெரிவுசெய்யாவிடில், எழுத்துக்கு முன் வரவேண்டிய கொம்பு பின்னே சென்றுவிடும். 'மேளம்' என்னும் சொல் சிதைந்து தோன்றும். பிழையான பக்கத்தைக் கண்டு மென்பொருள் தமிழை ஏற்காது என முடிவுகட்டும் மாணவரும் உளர். காரணத்தைத் தேடி அமைப்பை மாற்றும் மாணவரும் உளர். இரண்டாமவரிடமே வளர்ச்சியைக் காண்கிறோம்.

படமும் அதன் அளவும்

முன்பயிற்சியில் இணையப் படத்தைப் பயன்படுத்திய மாணவர், அச்சிட்ட பின்னரே அது மங்கியிருப்பதைக் காண்பர். காரணம் எளிய கணக்கில் உள்ளது. தரமான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பொது அளவாகும். 800 புள்ளி அகலமுள்ள படத்தை அவ்வளவில் அச்சிட்டால் ஏறத்தாழ 6.8 சென்டிமீட்டர் அகலமே கிடைக்கும். ஏ4 அட்டையை முழுமையாக நிரப்ப 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் உள்ள படம் தேவை. திரையில் ஒளிரும் நிறம் நான்கு வண்ண மையில் மங்குவதும், பக்கத்தின் ஓரத்தை வெட்டும்போது படம் குறையாதிருக்க 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவதும், நடுவில் தைக்கப்படும் இதழின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருப்பதும் இவ்வாறு கற்கப்படுவனவே.

இவை கருவி சார்ந்த அறிவு எனினும், இவற்றின்வழி மாணவர் வேறொன்றையும் பெறுகின்றனர். படத்தைத் தாமே எடுக்க வேண்டும் என்னும் விதி அவர்களை வகுப்பறையை விட்டு வெளியே அனுப்புகிறது. உறுமியின் ஒரு முகத்தில் குச்சியால் அடிக்க, மறுமுகத்தில் வளைந்த குச்சியால் உரசுவர். அவ்வுரசலே அதன் உறுமல் ஒலிக்குக் காரணம். இதனைப் படமெடுக்க முனைபவர், உரசும் கை எங்குள்ளது, எப்பக்கம் நின்றால் அது தெரியும் என அறிந்தாக வேண்டும். ஒளிவாயில் 250 இல் ஒரு பங்கு நொடி திறந்தால் கை பெரும்பாலும் அசைவற்றுத் தெளிவாகத் தோன்றும். 30 இல் ஒரு பங்கு நொடி திறந்தால் அசைவு கோடாகப் பதியும். கருவியை விளக்கும் படத்திற்கு முன்னதும், இசையின் வேகத்தை உணர்த்தும் படத்திற்குப் பின்னதும் பொருந்தும். எப்படம் எதற்கு என்னும் தெளிவு இசையையும் வாசகரையும் ஒருசேர அறிந்தவர்க்கே வாய்க்கும்.

நேர்காணலும் சுருக்கமும்

இரு பக்கக் கட்டுரைக்காக மாணவி முதிய தப்புக் கலைஞர் ஒருவரைச் சந்திக்கிறார் எனக் கொள்வோம். தாத்தா என்று அழைத்துத் தரையில் அமர்ந்து கேட்டாலன்றி அப்பேச்சு தொடங்காது. எழுதிச் சென்ற பத்து வினாக்களுள் முதல் வினாவுக்கே அவர் அரைமணி நேரம் விடை கூறக்கூடும். தப்பைப் பற்றிக் கேட்டால் கங்காணியைப் பற்றியும் கித்தா மரத்தைப் பற்றியும் கூறக்கூடும். தொடக்கத்தில் இதனைத் திசைமாற்றம் எனக் கருதும் மாணவி, தோலைத் தீயில் காய்ச்சும் வேளைக்கும் பெரட்டு நேரத்திற்கும் உள்ள தொடர்பை அப்பேச்சிலேயே கண்டறியலாம். கேட்கும் திறன் என்பது குறுக்கிடாது பொறுத்திருக்கும் திறனுமாகும்.

ஒரு மணி நேர உரையாடலை எழுத்தில் பெயர்த்தால் சில ஆயிரம் சொற்கள் வரும். படங்களுக்கு இடம் விட்டபின் இரு பக்கங்களில் எழுநூறு, எண்ணூறு சொற்களே அடங்கும். பெரும்பகுதியை விட்டாக வேண்டும். இங்கு இருவகை முடிவுகள் தேவைப்படுகின்றன. முதலாவது, எதனை வைப்பது என்பது. இரண்டாவது, எவ்வழக்கில் எழுதுவது என்பது. கலைஞரின் கூற்றை எழுத்து வழக்குக்கு மாற்றினால் பக்கம் சீராக அமையும். ஆனால் மலாய்மொழிச் சொல்லிலிருந்து வந்த 'கித்தா' இரப்பராகவும், 'பெரட்டு' வருகைப் பதிவாகவும் மாறிவிடும். பேச்சு வழக்கையே கொண்டால் அச்சொற்கள் நிலைக்கும். ஆனால் விளக்கக் குறிப்பு தேவைப்படும். கட்டுரையாசிரியரின் கூற்றை எழுத்து வழக்கிலும், கலைஞரின் கூற்றைப் பேச்சு வழக்கிலும் அமைத்து, அருஞ்சொற்களைப் பக்க ஓரத்தில் விளக்குதல் ஒரு தீர்வாகும். எத்தீர்வைக் கொண்டாலும் இதழ் முழுவதும் அதனையே பின்பற்றுதல் வேண்டும்.

பெயரும் மதிப்பும்

சமூகக் குழுவினரை எவ்வாறு காட்டினீர் என்னும் வினா பேராக் சூழலில் மிகக் கூர்மையாக எழுகிறது. தப்பு, இறப்புச் சடங்கோடும் சாதியோடும் பிணைத்து இழிவாக நோக்கப்பட்ட கருவியாகும். தமிழ்நாட்டில் அண்மைப் பத்தாண்டுகளில் அது 'பறை' என்னும் பெயரில் விடுதலைக்கும் பெருமிதத்திற்கும் உரிய கலையாக மேடையேறியுள்ளது. மலேசியத் தோட்டங்களில் 'தப்பு' என்பதே பெருவழக்கு. இதழில் எப்பெயரை இடுவது? 'பறை' என்றால் இன்றைய பெருமிதம் கிட்டும். ஆனால் தாத்தாவின் சொல் மறையும். 'தப்பு' என்றால் அவர் சொல் நிலைக்கும். ஆனால், அதன்மீது படிந்த இழிவை வாசகர் மீண்டும் நினைக்கக்கூடும். அதேபோல, உறுமி மேள இளைஞரைக் கட்டுப்பாடற்றோராகக் காணும் பார்வையும் நம் சமூகத்தில் உண்டு. அவர்களைக் கறுப்புடையில், கடுமுகத்துடன் அட்டையில் நிறுத்தினால் அப்பார்வை வலுப்பெறும். தோலைப் பூட்டி, சுருதி கூட்டும் கவனத்தோடு காட்டினால் வாசகர் கலைஞரைக் காண்பர்.

இவ்விடத்தில் சரியான விடை ஒன்றே என நாம் கூற முற்படவில்லை. கலைஞரையே வினவி, அவர் தம் கருவியை எப்பெயரால் அழைக்க விரும்புகிறார் என்பதை அறிந்து, அதற்குரிய காரணத்தையும் வாசகருக்குத் தெரிவித்தல் நேர்மையான வழியாகும். படத்தை வெளியிட அவர் இசைவைப் பெறுதலும் அச்சுக்கு முன் பக்கத்தை அவருக்குக் காட்டுதலும் இதனோடு இணைந்த கடமைகளாகும். தம் முடிவு பிறரொருவரின் மதிப்பைத் தொடுவது என உணரும் மாணவர் எழுத்தாளராக மட்டுமன்றிப் பொறுப்புள்ள இதழாசிரியராகவும் வளர்கிறார்.

வளர்ச்சியை மதிப்பிடுதல்

டொனால்ட் ஷோன் 1983 இல் வெளியிட்ட நூலில், தொழில்வல்லுநர் செயலின்போதும் செயலுக்குப் பின்னரும் தம் செயலைச் சிந்தித்தே வளர்கின்றனர் என விளக்கினார். இதழ்ப் பயிற்சிக்கு இக்கருத்து பெரிதும் பொருந்தும். ஆனால், இறுதியில் மட்டும் தன்மதிப்பீடு எழுதப் பணித்தால், போட்டோஷாப் கற்றேன், ஒளிப்படம் எடுக்கக் கற்றேன் என்னும் பட்டியலே கிடைக்கும். மறந்துபோன முடிவுகளை எவராலும் விளக்க இயலாது.

ஆகவே மூன்று நடைமுறைகளை ஆசிரியர்க்குப் பரிந்துரைக்கிறோம். முதலாவதாக, பக்கத்தின் ஒவ்வொரு வரைவையும் அழிக்காது நாளிட்டுச் சேமிக்கச் செய்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணத்தை ஒரு வரியில் குறிக்கச் செய்தல் வேண்டும். 'அழகாக இருந்தது' என்பது காரணமாகாது, 'தலைப்புக்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதால்' என்பது காரணமாகும். மூன்றாவதாக, முன்பயிற்சி அட்டையையும் இறுதி அட்டையையும் அருகருகே வைத்து, முதலாவதில் தாம் எடுக்காத எம்முடிவை இரண்டாவதில் எடுத்தார் என மாணவரையே கூறச் செய்தல் வேண்டும். மென்பொருள் இன்றித் தாளும் கத்தரியும் பசையும் கொண்டு அமைத்த பக்கத்தையும் இவ்வாறு மதிப்பிட இயலும். கணினி வசதி குறைந்த பள்ளிகளுக்கு இது பயன்படும்.

அச்சிதழ் குன்றும் காலத்தில்

அச்சிதழ்களே மறைந்துவரும் காலத்தில் இப்பயிற்சி எதற்கு என்னும் மறுப்பு எழலாம். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' தன் அச்சு வாரப்பதிப்பை 2018 இல் நிறுத்தியது. 1986 இல் தொடங்கிய 'க்யூ' 2020 இல் நின்றது. நம் நாட்டில் 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 இல் நின்றது. இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது.

எனினும், முன்னுரிமை, சுருக்கம், பெயரிடல், இசைவு பெறல் ஆகியவை திரைக்கும் தாளுக்கும் பொதுவானவை. மேலும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் வரலாற்றில் மாணவர் பக்கங்களுக்குத் தனியிடம் உண்டு. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1950களில் நடத்திய மாணவர் மணிமன்றம் இளைஞர்க்கு எழுதக் களம் அமைத்தது. பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்டோர் பலர் அதன்வழி வந்தோரே. அவர்களை உருவாக்கியது, பிறர் வாசிப்பர் என்னும் எதிர்பார்ப்போடு எழுதக் கிடைத்த வாய்ப்பாகும். அச்சிட்ட சில படிகளைப் பள்ளி நூலகத்திலும் கலைஞரின் இல்லத்திலும் சேர்த்தால், தாளிதழ் இன்னொரு பயனையும் தரும்: கைப்பேசியில் மறைந்துபோகும் செய்தி அங்கு நிலைத்திருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இசையிதழ் வடிவமைப்பில் மாணவர் பெறும் வளர்ச்சி மூன்று அடுக்குகளைக் கொண்டது என்பது தெளிவாகும். எழுத்துருவையும் படத்தையும் கையாளும் திறன் முதல் அடுக்கு. வாசகருக்கேற்பத் தெரிவுசெய்து, சுருக்கி, ஒழுங்குபடுத்தும் திறன் இரண்டாம் அடுக்கு. காட்டப்படுவோரின் மதிப்பை உணர்ந்து பெயரிடும் பொறுப்பு மூன்றாம் அடுக்கு. முதலடுக்கு காலத்தால் மாறும். ஏனைய இரண்டும் நிலைக்கும்.

பேராக் மாநிலத்தில் இப்பயிற்சியை மேற்கொள்வதற்கு வாய்ப்புகள் உள்ளன. 1922 இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997 இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமில் அமைந்துள்ளது. பள்ளிகளில் தமிழ் மொழிக் கழகங்கள் இயங்குகின்றன. தோட்டத்தில் வாழ்ந்து, உறுமியும் தப்பும் வாசித்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒரு வகுப்பில் இருபது மாணவர் இருப்பின், ஒவ்வொருவரும் ஒரு முதியவரைச் சந்தித்து இரு பக்கங்கள் அமைத்தால் நாற்பது பக்கங்கள் கிட்டும். மாணவர்க்கு அது பயிற்சியாகும். அம்மண்ணின் இசைக்கு அது முதற்பதிவாகவும் அமையக்கூடும். அம்முதியோர் உள்ளபோதே இதனைத் தொடங்குதல் ஆசிரியர்தம் கடமையாகும்.